பரங்கிமலையும் பனிக்கண்டமும்



பூவிருந்தவல்லியிலிருந்து போரூர் வழியாகப் பரங்கிமலையை அடையும் நெடுஞ்சாலையில் நாள்தோறும் பல்லாயிரவர் பயணம் செய்கின்றனர். ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி ஆகிய மேற்குப் புறநகர்களில் வாழும் நமக்குப் பரங்கிமலை அயலூர் அன்று. புனித தோமையாரின் பெயரால் அம்மலையை அறிந்தோர் பலர்; இராணுவப் பயிற்சிக் கழகத்தால் அறிந்தோரும் உளர். தென்துருவத்துப் பனிப்பரப்பின் மேல் ஆகாய விமானத்தில் பறந்து, பனிக்கு அடியில் மறைந்து கிடக்கும் மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் அளக்கும் இக்கால விஞ்ஞானத்திற்கும் அச்சிறு குன்றிற்கும் உறவு உண்டு என்று கூறினால், கேட்போர் வியப்படையக்கூடும். அவ்வுறவை எடுத்துரைப்பதே என் இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில், நமக்குப் பழக்கமான ஓர் ஏரியை எடுத்துக்கொள்வோம். அம்பத்தூர் ஏரியின் ஆழத்தை அறிய வேண்டுமானால் என்ன செய்வோம்? பரிசலில் ஏறிச் சென்று, நீண்ட மூங்கிற் கழியை நீரினுள் ஊன்றி, நனைந்த அளவைக் குறித்துக்கொள்வோம். இவ்வாறு நூறு இடங்களில் ஊன்றினால் ஏரிப் படுகையின் வடிவம் விளங்கிவிடும். ஆனால், கரையே தெரியாத மார்கழி மூடுபனியில் பரிசல் சுற்றிக்கொண்டிருந்தால்? கழி காட்டும் ஆழம் பிழையற்றதாயினும், அது எந்த இடத்தின் ஆழம் என்பது தெரியாது. நூறு அளவுகளும் நூறு வெற்றெண்களாகவே நின்றுவிடும். அளப்பவன் தான் நிற்கும் இடத்தை முதலில் அறிந்திருக்க வேண்டும். பனிக்கண்டத்தை அளந்த வரலாறு முழுவதிலும் ஊடுருவி நிற்கும் உண்மை இதுவே. இவ்வுண்மையை நம் நாட்டில் முறையாகச் செயற்படுத்தத் தொடங்கிய இடம் பரங்கிமலையடிவாரமாகும்.

1802-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 10-ஆம் நாள், வில்லியம் லாம்ப்டன் என்னும் ஆங்கிலப் படையதிகாரி, பரங்கிமலையின் அருகிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கி ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அவரிடம் இருந்தது நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. அதில் 40 கண்ணிகள். சீனப் பேரரசருக்குக் காணிக்கையாக அனுப்பப்பட்டுப் பின்னர் சென்னைக்கு வந்து சேர்ந்த சங்கிலி அது. வெயில் ஏறினால் எஃகு நீளும் அன்றோ? ஆகவே சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, கூடாரத்தின் நிழலில் வைத்து, வெப்பமானிகளைப் பார்த்துக் கணக்கைத் திருத்தினார்கள். சித்திரை வெயிலில், அறுவடை முடிந்த வயல்வெளியில், ஏறத்தாழ நானூறு முறை அச்சங்கிலி எடுத்து வைக்கப்பட்டது. அந்த ஒரு கோட்டின் நீளம் ஐயமற விளங்கிய பின்னர், தொலைவிலுள்ள குன்றுகளையும் கோபுரங்களையும் கோண அளவுகளால் முக்கோணங்களாகப் பிணைத்துக்கொண்டே செல்லலாம். ஒவ்வோர் இடத்திலும் சங்கிலி இழுக்க வேண்டியதில்லை.

கோணம் அளக்க வந்த பெரிய தியோடலைட் கருவி அரை டன் எடையுள்ளது. அதைக் கொண்டுவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றி மொரீசியசுக்குக் கொண்டுபோயினர். எனினும் அங்கிருந்த ஆளுநர், இது அறிவுக்கு உரிய பொருள் என்று மதித்துச் சென்னைக்கே அனுப்பிவைத்தார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் கோபுரத்தின் மேல் அதை ஏற்றியபோது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்ப்டன் மனந்தளராது, கூடாரத்தினுள் அமர்ந்து, வாரக்கணக்கில் உழைத்துத் தம் கையாலேயே அதைச் செப்பனிட்டார்.

இப்பெருமுயற்சி கம்பெனி ஆட்சியின் தேவைகளுக்காகவும் நடைபெற்றது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. நாட்டை அளப்பவன் அதை ஆளவும் வரி தண்டவும் எளிதாகிறது. கொடி பிடித்தோரும், காடு வெட்டினோரும், கருவி சுமந்தோரும், காட்டுக் காய்ச்சலில் மடிந்தோருமான நம் நாட்டவர் பல்லாயிரவரின் பெயர்கள் ஏட்டில் ஏறவில்லை. ஏறிய பெயர்களுள் ஒன்று நம் பக்கத்தது: ஆர்க்காட்டைச் சேர்ந்த சையத் மீர் மொஹ்சின் உசேன் என்பவர் கல்கத்தாவிலிருந்த அளவைத் துறையின் கருவிக்கூடத்தில் கருவி வினைஞராக உயர்ந்து, லாம்ப்டனுக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்டின் பாராட்டைப் பெற்றார்.

சங்கிலியின் கதை இது. அடுத்தது பீரங்கியின் கதை.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கட்டி முடிக்கப்பட்ட வானாராய்ச்சி நிலையத்தில் ஜான் கோல்டிங்ஹாம் என்னும் அறிஞர் பணியாற்றினார். பரங்கிமலையிலும் புனித ஜார்ஜ் கோட்டையிலும் காலை மாலைகளில் பீரங்கி முழங்குவது வழக்கம். 1820, 1821 ஆகிய ஆண்டுகளில் அவர் அம்முழக்கத்தைக் கொண்டே ஒலியின் வேகத்தை அளந்தார். நிலையத்தின் மேலிருந்து பீரங்கியின் ஒளி தெரிந்த கணத்தையும், முழக்கம் செவிப்பட்ட கணத்தையும் குறித்தார். பரங்கிமலைக்கும் நிலையத்துக்கும் இடையே ஐந்தரை மைலுக்குச் சற்று மேற்பட்ட தொலைவு. ஒலி அதைக் கடக்க ஏறத்தாழ 26 நொடிகள் பிடித்தன. காற்றின் வெப்பத்திற்கும் ஈரத்திற்கும் ஏற்ப அவ்வேகம் மாறுவதையும் அவர் கண்டறிந்து எழுதினார். தொலைவு தெரிந்தால் காலத்தைக் கொண்டு வேகத்தை அறியலாம். வேகம் தெரிந்தால் காலத்தைக் கொண்டு தொலைவை அறியலாம். இவ்விரண்டாவது கூற்றை நேயர்கள் நினைவில் இருத்துக. பனிக்கண்டத்தில் அது நமக்குப் பயன்படும்.

மூன்றாவது தூக்குக்குண்டின் கதை. சுவர் எழுப்பும் கொத்தனாரின் கையிலுள்ள நூலும் குண்டுமே அது. லாம்ப்டன் தொடங்கிய முக்கோணச் சங்கிலி குமரிமுனை முதல் இமயத்தின் அடிவாரம் வரை ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் நீண்டது. அவர் 1823-இல் மறைந்த பின்னர் எவரெஸ்ட் அதை நடத்தி முடித்தார். அதில், நடு இந்தியாவிலுள்ள கல்யாண்பூருக்கும் வடக்கே இமயத்தை நோக்கிய கல்யாணா என்னும் ஊருக்கும் இடைப்பட்ட தொலைவை இரு வழிகளில் கணக்கிட்டபோது, நிலத்தில் அளந்த கணக்கும் விண்மீன்களை நோக்கிய கணக்கும் 5.24 விகலை வேறுபட்டன. நிலத்தில் இது ஏறத்தாழ 160 மீட்டர். கருவி எவ்வளவு செம்மையானதாயினும், விண்மீனை நோக்குபவர் செங்குத்துத் திசையைத் தூக்குக்குண்டைக் கொண்டே அறிகின்றார். இமயமலையின் பேரளவான பாறை அக்குண்டைத் தன் பக்கம் சிறிது இழுத்துவிட்டது!

கல்கத்தாவிலிருந்த ஜான் பிராட் என்னும் பாதிரியார் இதனை ஆராய்ந்தார். இமயத்தின் பருமனைக் கணக்கிட்டால், குண்டு 15 விகலைக்கு மேல் சாய்ந்திருக்க வேண்டும் என்பது அவர் கண்ட விடை. சாய்ந்ததோ அதில் மூன்றில் ஒரு பங்கு. அங்ஙனமாயின் மலைக்கு அடியில் ஏதோ குறைவு இருத்தல் வேண்டும். 1855-இல் ஆங்கில அறிஞர் ஏரி இதற்கு ஒரு விளக்கம் தந்தார். நீரில் மிதக்கும் பருத்த மரக்கட்டை, மேலே உயர்ந்து நிற்பதற்கேற்பக் கீழேயும் ஆழ்ந்து கிடப்பதுபோல, மலைகளுக்கும் எடை குறைந்த பாறையாலான வேர் உண்டு என்றார். பிராட்டின் விளக்கம் சிறிது வேறுபட்டது. ஆயினும், பூமியின் மேற்பாறை அடியிலுள்ள கனத்த பாறையின் மேல் மிதப்பதுபோல் சமன்பட்டு நிற்கிறது என்னும் பெருங்கருத்து இந்திய நில அளவையில் கண்ட அந்த ஐந்து விகலையிலிருந்தே தெளிவுபெற்றது.

பள்ளிப் பிள்ளைகளை ஒரு சமயம் பரங்கிமலைக்கு அழைத்துச் சென்றிருந்தபோது, ஒரு மாணவன், “ஐயா, மலையை எடைபோட முடியுமா?” என்று கேட்டான். உடனிருந்த பிள்ளைகள் நகைத்தனர். நகைப்பதற்குரிய வினா அன்று அது. தராசில் ஏற்ற முடியாத பொருளை, அது பிறவற்றை இழுக்கும் இழுப்பைக் கொண்டு எடைபோடலாம் என்று அவனுக்குக் கூறினேன்.

சங்கிலி, பீரங்கி, தூக்குக்குண்டு ஆகிய இம்மூன்றையும் ஏற்றிக்கொண்டு இனிப் பனிக்கண்டத்திற்குச் செல்வோம்.

அண்டார்க்டிகாவின் பனிப்பரப்பு சராசரியாக இரண்டு கிலோமீட்டருக்கு மேற்பட்ட கனமுடையது. இதுவரை அறியப்பட்ட மிகுதியான கனம் 4,757 மீட்டர். பரங்கிமலை போன்ற குன்றுகள் ஐம்பதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அதன் மேற்பரப்பை எட்டா. 1950-களில் ஆராய்ச்சியாளர் பனியில் வெடி வைத்து, அடிப்பாறையில் மோதித் திரும்பும் அதிர்வின் காலத்தைக் கணக்கிட்டனர். கோல்டிங்ஹாமின் பீரங்கி பனிக்குள் முழங்கியது என்று சொல்லலாம். ஆனால், ஒவ்வோர் அளவுக்கும் வண்டியை நிறுத்திக் குழி தோண்ட வேண்டும். ஒரு கண்டத்தை அளக்க அது போதாது.

வழி வேறொரு பக்கத்திலிருந்து பிறந்தது. தாம் பறக்கும் உயரத்தை அறிய விமானிகள் வானொலி அலைகளைப் பயன்படுத்தினர். பனிப்பரப்பின் மேல் அக்கருவி பிழையான உயரத்தைக் காட்டியது. அதை நம்பியவர்களுக்கு ஆபத்து நேர்ந்தது. காரணம், அலைகள் பனியை ஊடுருவிச் சென்றுவிட்டன. அமோரி வெய்ட் என்னும் அமெரிக்கப் பொறியாளரும், 1963-இல் கேம்பிரிட்ஜில் ஸ்டான்லி எவன்ஸும் இக்குறையையே கருவியாக்கினர். இப்பேச்சைத் தங்களிடம் கொண்டுவரும் வானொலி அலையின் இனத்தைச் சேர்ந்ததே அது. பனியில் அவ்வலை நொடிக்கு ஏறத்தாழ 16 கோடியே 80 இலட்சம் மீட்டர் செல்லும். நான்கு கிலோமீட்டர் கனமுள்ள பனியின் அடியைத் தொட்டுத் திரும்ப, நொடியைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் 48 கூறுகளே பிடிக்கும். 1967 முதல் 1979 வரை பிரிட்டிஷ், அமெரிக்க, டேனிஷ் ஆராய்ச்சியாளர் கூடி, ஏறத்தாழ 4 இலட்சம் கிலோமீட்டர் பறந்து பனியின் ஆழத்தைப் பதிவு செய்தனர்.

கழி கிடைத்துவிட்டது, பரிசல் எங்கே என்பதுதான் தெரியவில்லை! அந்த வெண்பரப்பில் குன்றில்லை, கோபுரமில்லை. காந்த முனைக்கு அருகில் திசைகாட்டியும் நம்பத்தக்கதன்று. வேகத்தையும் திசையையும் கூட்டிக் கூட்டிக் கணக்கிட்டதால், பிழை சில இடங்களில் ஐந்து கிலோமீட்டர் வரை வளர்ந்தது. அவ்வளவு பிழை இருந்தால், அடியிலுள்ள ஒரு குறுகிய பள்ளத்தாக்கு வரைபடத்தில் இடம் மாறிவிடும். இரண்டு பறப்புகளில் கண்ட ஒரே மலை இரண்டு மலைகளாகிவிடும்.

லாம்ப்டனின் சங்கிலி செய்த பணியை இங்கே செயற்கைக்கோள்கள் செய்தன. ஜி.பி.எஸ். என்னும் இடங்காண் முறையின் முதற்கோள் 1978-இல் ஏவப்பட்டது; 1995-இல் அம்முறை முழுமை பெற்றது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அக்கோள்கள் ஒவ்வொன்றும் அணுக்கடிகாரத்தின் நேரத்தை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன. நான்கு கோள்களின் செய்தி வந்துசேரும் காலத்தைக் கொண்டு விமானம் தன் இடத்தை அறிகின்றது. தரையில் நன்கறிந்த ஓரிடத்தில் மற்றொரு கருவியை நிறுத்தி இரண்டையும் ஒப்பிட்டால், விமானத்தின் இடம் சில அங்குலங்களுக்குள் தெரிந்துவிடும். நன்கறிந்த ஓரிடம் தரையில் வேண்டும் என்னும் விதி லாம்ப்டனின் நாளில் இருந்தவாறே இன்றும் இருக்கிறது.

இதனால் தூக்குக்குண்டும் விமானம் ஏறியது. பனிக்கு அடியிலுள்ள பாறையின் தன்மையை அறிய, புவியீர்ப்பில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு அளவான வேறுபாட்டைக் காண வேண்டும். விமானத்தின் ஏற்ற இறக்கம் தரும் குலுக்கலோ அதைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு பெரிது. ஈர்ப்பையும் குலுக்கலையும் கருவி பிரித்தறியாது. பேருந்தில் நின்றபடி தராசில் பொன் நிறுப்பதை எண்ணிப் பாருங்கள். ஆயினும், ஒவ்வொரு கணமும் விமானம் எங்கே இருந்தது என்பது செயற்கைக்கோளால் தெரிந்தால், எவ்வளவு குலுங்கியது என்பதும் தெரியும். அதைக் கழித்துவிட்டால் எஞ்சுவது பூமியின் இழுப்பு. 1991, 1992 ஆகிய ஆண்டுகளில் கிரீன்லாந்தின் மேல் அமெரிக்கர் இம்முறையைப் பெரிய அளவில் கையாண்டனர்.

2008-ஆம் ஆண்டின் இறுதியிலும் 2009-ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் ஏழு நாட்டு அறிஞர்கள் கூடிக் கிழக்கு அண்டார்க்டிகாவின் நடுவிலுள்ள காம்பர்ட்சேவ் மலைத்தொடரை ஆராய்ந்தனர். சோவியத் ஆராய்ச்சியாளர் 1958-இல் வெடியதிர்வால் கண்டுபிடித்த மலைத்தொடர் அது. மனிதர் கண்ணால் எவரும் கண்டதில்லை. இரண்டு சிறு விமானங்கள் ஏறத்தாழ 1 இலட்சத்து 20 ஆயிரம் கிலோமீட்டர் பறந்து, வானொலி எதிரொலி, புவியீர்ப்பு, காந்தப்புலம் ஆகியவற்றை ஒருங்கே அளந்தன. ஆல்ப்ஸ் மலையை ஒத்த கூர்ஞ்சிகரங்களும் பள்ளத்தாக்குகளும் பனிக்கு அடியில் இருப்பது தெளிவாயிற்று. உருகிய நீர் மீண்டும் அடியில் உறைந்து பனிப்பரப்பைக் கீழிருந்து கனக்கச் செய்வதும் புலனாயிற்று. பிராட்டும் ஏரியும் சொன்ன மிதப்பு விதியும் அக்கண்டத்தில் காணப்படுகிறது. பனியின் எடையால் அடிப்பாறை, பனியின் கனத்தில் கால் பங்குக்குச் சற்று மேற்பட்ட அளவு அழுந்திக் கிடக்கிறது.

காந்த அளவையால் அடிப்பாறையின் இனமும் ஓரளவு விளங்கும். அங்கேயும் நமக்கு ஓர் உறவு காத்திருக்கிறது. பரங்கிமலையும் பல்லாவரம் குன்றுகளும் சார்னகைட் என்னும் கருநிறப் பாறையாலானவை. கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்பவரின் கல்லறைக்கு இப்பாறை பயன்பட்டதனால், 1893-இல் தாமஸ் ஹாலந்து என்னும் புவியியலறிஞர் அப்பெயரைச் சூட்டினார். அதே இனப் பாறை அண்டார்க்டிகாவின் பல பகுதிகளிலும் உண்டு. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் நம் கிழக்குக் கரையும் அண்டார்க்டிகாவும் ஒட்டியிருந்த நிலங்களே.

நம் நாட்டவரும் அங்கே சென்றுள்ளனர். டாக்டர் காசிம் தலைமையில் 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து புறப்பட்ட முதற்குழு 1982 ஜனவரி 9-இல் பனிக்கண்டத்தில் இறங்கியது. 1983-84-இல் தட்சிண கங்கோத்ரி என்னும் நிலையம் பனித்தட்டின் மேல் அமைக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் பனி அதனை மூடிவிட்டமையால், 1990-இல் அதை விட்டு நீங்க நேர்ந்தது. பாறையின் மேல் 1989-இல் எழுந்த மைத்ரியும், 2012-இல் திறந்த பாரதியும் அதன் பின்வந்தவை.

“எங்கோ கிடக்கும் பனியை அளப்பதால் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் என்ன பயன்?” என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய வினாவே. அண்டார்க்டிகாவின் பனி முழுவதும் கடலில் சேருமாயின் கடல்மட்டம் ஏறத்தாழ 58 மீட்டரும், கிரீன்லாந்தின் பனியால் மேலும் ஏழு மீட்டருக்கு மேலும் உயரும். அவ்வாறு முழுவதும் உருகப் பல நூற்றாண்டுகள், ஆயிரக்கணக்கான ஆண்டுகளும் ஆகலாம். இன்று அஞ்ச வேண்டுவது அதுவன்று. மேற்கு அண்டார்க்டிகாவின் சில பனியாறுகள் கடல்மட்டத்திற்குக் கீழான, உட்புறம் சரிந்த படுகையின் மேல் கிடக்கின்றன. வெதுவெதுப்பான கடல்நீர் எந்த வாய்க்கால் வழியாக அவற்றின் அடியில் புகும் என்பதை அடித்தளத்தின் வடிவமே தீர்மானிக்கிறது. அவற்றுள் த்வைட்ஸ் என்னும் ஒரே பனியாறு முழுவதும் அழிந்தால் கடல் ஏறத்தாழ 65 சென்டிமீட்டர் உயரும். ஏரியின் மதகும் கலிங்கலும் எங்கே இருக்கின்றன என்பதை அறியாமல் வெள்ளத்தைக் கணிக்க இயலுமா? அதுபோலத்தான் இதுவும்.

இன்னொன்றையும் கூற வேண்டும். இமயம் தூக்குக்குண்டை இழுத்ததுபோல், பனிப்பரப்பும் தன்னைச் சூழ்ந்த கடல்நீரைத் தன்பால் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் அந்த இழுப்பும் குறையும். அருகிலுள்ள கடல் தாழும். விடுபட்ட நீர் தொலைவிலுள்ள கடற்கரைகளில் சராசரியைவிட மிகுதியாக ஏறும். நம் சோழமண்டலக் கரை அத்தகைய தொலைவில் உள்ளது.

நாமோ கடற்கரையில் வாழ்பவர் அல்லர். ஆயினும் ஆவடியையும் திருவேற்காட்டையும் தொட்டுச் செல்லும் கூவம் கடலில்தான் கலக்கிறது. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றின் வழியே கடலைத்தான் நாடுகிறது. முகத்துவாரத்தில் கடல் உயர்ந்து நின்றால் ஆற்றுநீர் வடியத் தாமதமாகும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டு மாடிகளில் இரவைக் கழித்தவர்களுக்கு, நீர் வடிய ஆகும் ஒவ்வொரு நாழிகையின் அருமையையும் நான் விளக்க வேண்டியதில்லை. எதிர்காலத்தில் இப்பகுதியில் கால்வாய் வெட்டுவோரும் பாலம் கட்டுவோரும், கடல் எவ்வளவு உயரும் என்னும் கணக்கை நம்பியே திட்டமிட வேண்டும். அக்கணக்கின் ஒரு முனை பனிக்கண்டத்தின் மேல் பறக்கும் விமானத்தில் இருக்கிறது.

ஆசிரியப் பெருமக்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளைப் பரங்கிமலைக்கு அழைத்துச் செல்லுங்கள். படிகளில் ஏறி, தெற்கே பெரும்பாக்கம் இருக்கும் திசையைக் காட்டி, சங்கிலி சென்ற வழியைச் சொல்லுங்கள். வடகிழக்கே நுங்கம்பாக்கத்தின் திசையைக் காட்டி, பீரங்கி ஒலிக்காகக் காத்திருந்தவரைப் பற்றிச் சொல்லுங்கள். காலடியில் உள்ள கருங்கல்லைத் தொடச் செய்து, அதன் உடன்பிறப்பு தென்துருவப் பனிக்கு அடியில் கிடப்பதைச் சொல்லுங்கள். பிறகு அவர்கள் கேட்கும் வினாக்களுக்குப் பொறுமையாக விடையளியுங்கள் என்று கூறி அமைகின்றேன்.